நெறி கட்டுவது ஏன்? ஊசிக்குப் பின் காய்ச்சல் ஏன்?



வயலில் காலில் முள் குத்துகிறது. இரண்டு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. முள் குத்தியது காலில், வீக்கம் அங்கே ஏன்? நெறி தனி நோயல்ல, உடம்பின் காவல் சாவடி.

மாட்டுக்குச் சூடு போட்டாற்போல் நம் உடம்பின் அணுக்கள்மேல் ‘இது நம்முடையது’ என்ற அடையாளம் உண்டு. கிருமியின் அடையாளம் வேறு. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதைக் கண்டதும் பாய்ந்து விழுங்கும். விழுங்கிச் சாகவும் செய்யும். சீழில் பெரும்பகுதி அந்தச் செத்த அணுக்கள்தான். வேறு சில அணுக்கள் கிருமியின் துணுக்கை நெறிக்குத் தூக்கிப் போய்க் காட்டும். அதற்குப் பொருந்துகிற அணு அங்கே பெருகி, எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும். முதல் தடவை இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பிறகு சில அணுக்கள் நினைவோடு தங்கிவிடும்.

அந்த நினைவு எத்தனை காலம் நிற்கும்? ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்தது. மறுபடி 1846-இல் வந்தபோது, முன்பு கண்டிருந்த கிழவர்களுக்கு அது வரவில்லை என்று பானும் என்ற டாக்டர் எழுதி வைத்தார். 65 வருஷம்!

தடுப்பூசி இதே பாடத்தை நோயில்லாமல் கற்றுக் கொடுக்கிறது. ஒரு தடவை சொன்னால் பாடம் நிற்காது. அதனால்தான் 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி. வெள்ளை அணுக்கள் வேலை செய்யும்போது விடுகிற பொருளால் உடம்பு சுடும். “ராத்திரியெல்லாம் அழுதுச்சு, இனி ஊசியே வேணாம்” என்று நிறுத்தும் வீடுகள் உண்டு. கக்குவான் இருமல் வந்தால் கைக்குழந்தைக்கு உயிராபத்து. ஒரு ராத்திரி அழுகை எவ்வளவோ மேல்.

பிறந்த குழந்தைக்குச் சொந்தக் காவல் குறைவு. கர்ப்பத்தில் தாய் போட்டுக்கொண்ட ஊசியின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று, குழந்தையை ரணஜன்னியிலிருந்து காக்கும். சீம்பாலிலும் எதிர்ப்புப் பொருள் நிறைய உண்டு. மஞ்சளாயிருக்கிறதென்று பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறார்களா? மருமகள் வாய் திறக்க முடியாது. மகன்தான் அம்மாவிடம் பேச வேண்டும்.

தாய் தந்த காவல் சில மாதங்களில் கரையும். ஆகவே 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று.

ஊசிக்குப் பின் காய்ச்சலடித்தால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நர்ஸ் சொன்ன அளவில் மருந்து கொடுங்கள். வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள். ஊசி அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள்.