ராகுகாலத்து வெளிச்சம்: எளிய கல்யாணம் எடுக்கும் போட்டோகிராபர்களுக்கு

“அண்ணே, ஐயர் கிடையாது, மேளம் கிடையாது. ஐம்பது, அறுபது பேர்தான் வருவாங்க. அரை மணி நேர வேலை, என்ன ரேட் சொல்றீங்க?”

விருதுநகர், சிவகாசி பக்கம் கேமராவை நம்பிப் பிழைக்கும் யாருக்கும் இப்படி ஒரு போன் வரலாம். சின்ன வேலைதானே என்று ரேட்டைக் குறைத்துச் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். சடங்குக் கல்யாணத்தில் அடுத்து என்ன என்பதை ஐயர் சொல்லிவிடுவார். கெட்டிமேளம் கேட்டால் தாலி. கேமராவைத் தூக்க வேண்டியதுதான். எளிய கல்யாணத்தில் அந்த சிக்னல் எதுவும் இல்லை. யாரோ மாலையை நீட்டுவார், இவர்கள் மாற்றிக்கொள்வார்கள், கைதட்டல் எழும், முடிந்துவிடும். சடங்கு குறையக் குறைய உங்கள் முன்தயாரிப்பு கூட வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் காசு.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

- கல்யாணம் எப்படி நடக்கிறது? மாலையா, மோதிரமா, தாலியா, உறுதிமொழியா? எந்த வரிசையில்?
- தலைமை தாங்குவது யார், வாழ்த்திப் பேசுவது எத்தனை பேர்? நான்கு பேர் பேசினால் அரை மணி நேரக் கல்யாணம் இரண்டு மணி நேரம் ஆகும்.
- படத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய குடும்பங்கள் எவை?
- அன்றைக்கு நாம் எதையும் கேட்க வேண்டுமென்றால் யாரைக் கேட்பது? மாப்பிள்ளையையும் பெண்ணையும் அன்று தொந்தரவு செய்யக் கூடாது.

மூன்றாவது கேள்வியை லேசாக விடாதீர்கள். மண்டபக் கல்யாணத்தில் மொய் செய்ய வருகிறவர்கள் வரிசையாக மேடை ஏறி நிற்பார்கள். எல்லோரும் ஆல்பத்தில் வந்துவிடுவார்கள். மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் போட்ட கல்யாணத்தில் அந்த வரிசையே இருக்காது. ஆல்பம் கைக்கு வந்ததும், “பெரியப்பா எங்கே?” என்பார்கள். பெயர்ப் பட்டியலை முன்பே வாங்கி, உறவுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பந்திக்கு முன் குடும்பம் குடும்பமாக எடுத்து முடித்துவிடுங்கள். இலையில் கை வைத்தவர்களை எழுப்பக் கூடாது. வாயில் சோறோடு யாரையும் எடுக்கவும் கூடாது.

நேரம்

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. சாயங்கால வெயில் சாய்ந்து, முகத்தில் மஞ்சள் படர்ந்து, கண் கூசாமல் இருக்கும் நேரமும் அதுதான். காலை முகூர்த்தம் முடிந்து 11 மணிக்கு இந்தக் கந்தக பூமியில் வெளியே நிறுத்திப் படமெடுத்தவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தின் அருமை தெரியும்.

ராகுகாலம் பார்க்காத கல்யாணத்துக்கு இந்த மாவட்டத்திலேயே முன்னோடி உண்டு. 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறார்கள். அந்த வழியில் வந்தவர்கள் வேண்டுமென்றே ராகுகாலத்தில் கல்யாணம் வைப்பதும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் இடைவழி சொல்லுங்கள்: மாலை மாற்றுவதை 4.30க்கு முன்பே முடித்துவிட்டு, படங்களை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.

தொழிலுக்கும் இதில் லாபம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், நீங்களும் சும்மா இருப்பீர்கள். நாள் பார்க்காத ஜோடிகளுக்கு அந்த மாதங்களில் தனி ரேட் வையுங்கள். சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்குக்குப் பிறகு காலண்டர் வேலையில் மூழ்கிவிடும். அங்கே ஏதாவது அச்சடிக்க வேண்டியிருந்தால் தேதியைத் தள்ளியே வாக்குக் கொடுங்கள்.

இடம்

வீட்டு வாசல், தோட்டம், பள்ளி மைதானம் எதுவானாலும் கல்யாணம் நடக்கும் அதே மணிக்கு ஒருநாள் முன்பே போய்ப் பாருங்கள். சிவப்பு, நீலச் சாமியானாவுக்குக் கீழே நின்றால் அந்தச் சாயம் முகத்தில் இறங்கும். எடிட்டிங்கில் முழுதாகப் போகாது. பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி கேளுங்கள். வேப்பமர நிழல் அழகுதான், ஆனால் இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். கட்டடத்தின் நிழல் அதைவிட நல்லது. எல்இடி விளக்கு உள்ள அறையில் படத்தில் கோடு கோடாக விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

சட்டத்துக்கு உதவும் படம்

அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர், அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே மாலை மாற்றும்போது மணமக்கள் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் போதாது. சாட்சிகளும் சேர்ந்து தெரிகிற மாதிரி அகலமாக ஒரு படம் வேண்டும். உறுதிமொழியை வீடியோவில் தெளிவான ஒலியோடு பதியுங்கள். மாப்பிள்ளை சட்டையில் ஒரு சின்ன மைக் போதும்.

பட்டாசு

சிவகாசிக் கல்யாணம் என்றால் வெடி கேட்பார்கள். சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018இலேயே தடை போட்டுவிட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை எந்த வெடியும் கூடாது. படத்துக்குக் கம்பி மத்தாப்பே போதும்: டிரைபாட், இரண்டு விநாடி ஷட்டர், ஆடாமல் நிற்கும் ஜோடி. தீ எளிதில் பற்றும் துணியில் யாரும் கிட்ட நிற்கக் கூடாது. எரிந்து முடிந்த கம்பியும் சுடும். அதைப் போட ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவராக இருந்தால் “ஆலைக்குள்ளே ஒரு போட்டோ” என்று ஆசைப்படலாம். கைப்பேசிக்கே இடமில்லாத இடம் அது. கறாராக மறுத்துவிடுங்கள்.

காசும் காகிதமும்

மணிக்கணக்கில் ரேட் பேசுங்கள்; ஆள் எண்ணிக்கையை வைத்துப் பேசாதீர்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், எந்தத் தேதிக்குள், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இரண்டு கார்டில் பதியுங்கள். வீடு வந்ததும் நகல் எடுங்கள்.

முக்கியமான ஒன்று: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. நீங்கள் எடுத்த படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும். எளிய கல்யாணம் செய்பவர்களில் சிலர் வீட்டார் எதிர்ப்பை மீறி வந்தவர்களாக இருப்பார்கள். ஒரு படம் வெளியே போனாலும் அவர்களுக்கு ஆபத்து. கையெழுத்து வாங்காமல் எந்தப் படத்தையும் போடாதீர்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.