மீன் தொட்டிக்கு ஹீட்டர் தெரிந்தெடுத்தலும் அதை வைக்கும் முறையும்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்த்தல் பட்டணத்தாருக்கு மாத்திரம் உரிய பொழுதுபோக்கென்று கருதப்பட்ட காலம் சென்றுவிட்டது. இக்காலத்தில் நிலமுடையோர் வீட்டுக் கூடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இத்தொட்டிகளைக் காணலாம். சிலர் கப்பி, மோலி முதலிய குட்டி போடும் மீன்களைப் பெருக்கி விற்று, உபரி வருமானமும் தேடுகின்றனர். ஆனால் சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளில் வாங்கப்படும் மீன்கள் கடலோரத்து வெப்பத்தில் வளர்ந்தவை. அவற்றைக் கள்ளக்குறிச்சிக்குக் கொணர்ந்து, கச்சிராயபாளையம் வழியாய் வெள்ளிமலைக்கு ஏற்றினால், ஒரே நாளில் அவை முற்றிலும் வேறான சீதோஷ்ணத்துக்கு உள்ளாகின்றன. கல்வராயன் மலை பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரமுள்ளது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் குறையுமென்பது பொதுக் கணக்காகையால், கடலோரத்தைவிட மேலே 4 முதல் 6 டிகிரி குறைவென்று கொள்ளலாம். மீனோ தன் உடலில் சூட்டை வைத்துக்கொள்ளும் பிராணியன்று. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம்.

ஹீட்டர் வாங்குமுன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குக. மார்கழி, தை மாதங்களில் ஏழு நாட்கள் விடியற்காலையிலும் மாலையிலும் நீரின் வெப்பத்தைக் குறித்து வரவேண்டும். கப்பி, மோலி, ஏஞ்சல் ஆகியவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி ஏற்றது. டிஸ்கஸ் என்னும் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். தங்கமீன் குளிர்நீர் இனத்தது. அதற்கு ஹீட்டர் வேண்டுவதேயில்லை, வைத்தால் கெடுதலே. விடியற்காலை அளவு 24 டிகிரிக்குக் குறையாமலும், மாலை அளவுக்கும் அதற்கும் 2 டிகிரிக்கு மேல் பேதமில்லாமலும் இருக்குமாயின், கப்பி போன்ற மீன்களுக்கு இக்கருவி அவசியமன்று. தரைநாட்டில் அநேகர் இதற்கெனச் செலவிடும் பணம் வீண் என்பதே எமது அபிப்பிராயம். மலைமேல் உள்ளோர் நிலைமை வேறு.

அவர்களுங்கூட முதலில் செய்யத்தக்கது தொட்டிக்கு மூடியிடுதலே. நீரின் சூட்டில் பெரும்பகுதி மேற்பரப்பில் ஆவியாகவே கழிகிறது. மேலே கண்ணாடி மூடியும், பின்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் தெர்மாக்கோல் தகடும் வைத்தால், மின்சாரம் நின்றுபோகும் இரவுகளிலும் நீர் விரைவில் குளிர்ந்துவிடாது. விடியற்காற்று வீசும் ஜன்னலின் அருகில் தொட்டியை வைத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பெரிய ஹீட்டர் வாங்குவது, ஓட்டைக் குதிரை அடைக்காமல் நெல் கொட்டுவதை ஒக்கும்.

இனி, கருவியின் அளவு. தொட்டியின் நீளம், அகலம், உயரங்களை அடிக்கணக்கில் பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28 லிட்டர். 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள தொட்டியில், கூழாங்கல்லும் மேலே விடும் இடமும் போக, ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். அறையைவிட நீர் 5 டிகிரி சூடாயிருக்க வேண்டின் லிட்டருக்கு 1 வாட்டும், 10 டிகிரியாயின் 2 வாட்டும் பொதுவாகப் போதும். ஆகவே இத்தொட்டிக்குத் தரைநாட்டில் 50 வாட்டும், மலையில் 100 வாட்டும் போதுமானவை. 100 லிட்டர் நீரை 5 டிகிரி உயர்த்த, இடையில் சூடு கழியாதென்று வைத்துக்கொண்டாலும், 100 வாட் கருவிக்கு ஆறு மணி நேரம் செல்லும், சற்றேறக்குறைய 0.6 யூனிட் மின்சாரம் ஆகும். இத்தாமதமே மீனுக்கு நன்மை. குளிக்கும் நீர் காய்ச்சும் 1500 வாட் கம்பிச்சுருளை இட்டால் அதே வேலை 23 நிமிஷத்தில் முடிந்து, தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் அதற்கில்லாமையால் மேலும் ஏறிக்கொண்டே போகும். மீன் வெந்துவிடும் என்பதோடு, தொட்டியில் கை வைப்பவரின் உயிருக்கும் அபாயம். அதை எக்காரணத்தாலும் உபயோகித்தலாகாது.

பெரிய தொட்டிக்கு 200 வாட் கருவி ஒன்றைவிட 100 வாட் கருவிகள் இரண்டு உத்தமம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் எரிவதே இக்கருவிகளில் மிகக் கெட்ட பழுது. இரண்டிருந்தால் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் பாதிச் சூடே ஏறும். ஒன்று அணைந்தாலும் மற்றது காக்கும்.

வைக்குமிடத்தில்தான் பலர் தவறுகின்றனர். சூடான நீர் மேலே ஏறும் இயல்புடையது. ஹீட்டரை மூலையில் செங்குத்தாக நிறுத்தினால், கருவியின் மேல்நுனியிலுள்ள தெர்மோஸ்டாட் அவ்வெந்நீரையே உணர்ந்து சீக்கிரம் அணைந்துவிடும். அடிநீரோ குளிர்ந்தே கிடக்கும். முழுதும் நீரில் மூழ்கத்தக்க வகையாயின், பின்கண்ணாடியில், கூழாங்கல்லுக்கு மேல் இரண்டங்குலம் விட்டுப் படுக்கையாகப் பொருத்துக. பில்ட்டரின் நீரோட்டமோ காற்றுக்கல்லின் குமிழியோ அதன்மேல் படவேண்டும். கல்லில் புதைத்தலும், செடியையும் பிளாஸ்டிக் பொம்மையையும் தொடவிடுதலும் கூடா. தெர்மாமீட்டரை எதிர்க் கோடியில், அடியோரமாக வைத்தால்தான் உண்மை வெளிப்படும். கருவியின் குமிழில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர். ஒருநாள் முழுதும் பார்த்துத் திருத்துக.

பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் தொட்டி வைத்திருக்கும் கிராம அதிகாரிகள் ஒன்று கவனிக்க வேண்டும். மாலையில் கட்டடத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை நிறுத்துவது வழக்கம். அதனால் ஹீட்டர் வேண்டாத பகலில் எரிந்து, வேண்டிய இரவில் அணைந்திருக்கும்; மீனுக்கு இத்தினசரி ஏற்றத்தாழ்வு ஒரே சீரான குளிரைவிடக் கொடிது. இரவில் மின்சாரம் விட இயலாத இடத்தில் தங்கமீன் வளர்ப்பதே விவேகம்.

தண்ணீரும் மின்சாரமும் சேருமிடமாதலால், 30 மில்லி ஆம்பியர் கசிவில் நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கருவி அந்த மின்பாதையில் இருத்தல் அவசியம். வயர் ஒருமுறை பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து, பின்பு மேலேறுமாறு விட்டால், வழிந்துவரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியில் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குக. நீர் மாற்றும்போது கால்மணி நேரம் ஆறவிட்டே ஹீட்டரை வெளியில் எடுக்க வேண்டும். சூடான குழல் காற்றில் பட்டபின் குளிர்நீர் தெறித்தால் வெடித்துவிடும்.

குளிர் தாக்கிய மீன்கள் துடுப்பை ஒடுக்கி அடியில் ஒதுங்கும். சில நாட்களில் உடம்பில் உப்புக்கல் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. இது ஒட்டுண்ணியால் வரும் நோய். மருந்து இடுவதோடு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேற்படாமல் மெதுவாக 30 டிகிரி வரை உயர்த்துவது வழக்கம். ஆனால் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும் நீரில், 30 டிகிரியில் 7.6 தான் நிற்கும். மலையில் காற்றழுத்தக் குறைவால் அதிலும் 8 அல்லது 9 சதவீதம் குறையும். ஆதலால் சூட்டை உயர்த்துவோர் காற்றுக்குழாயையும் கூடவே திறந்துவிடவேண்டும்.

பங்குனியில் வெயில் ஏறியதும் ஹீட்டரை எடுத்துவிடலாம். உப்புநீர்க் கிணறுள்ள ஊர்களில் குழலின்மேல் சுண்ணாம்புப் படலம் ஏறியிருக்கும். வினிகரில் ஊறவைத்துத் துடைத்து, துணி சுற்றி வைக்கவும். ஐப்பசியில் மீண்டும் இடுமுன், ஒரு பக்கெட் நீரில் தெர்மாமீட்டருடன் ஒருநாள் எரியவிட்டு, குறித்த அளவில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே தொட்டியில் சேர்க்க வேண்டும்.