தேசங்களின் கணக்குத் திறன்

ஊரில் எத்தனை குழந்தைகள் என்று அறியாமல் பள்ளிக்கு எத்தனை அறைகள் கட்டுவது? பஞ்சாயத்துக்கு எழும் இவ்வினா தேசங்களுக்கும் எழுகிறது. 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை 17 அபிவிருத்தி இலக்குகளை வகுத்து, 2030-ஐக் கெடுவாக வைத்தது. அவை எட்டப்பட்டனவா என்பதைப் புள்ளி விவரமே கூறவேண்டும். அதைத் திரட்டும் திறனோ நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

இத்திறனை ஒப்பிட உலக வங்கி 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறது. குடிமதிப்பு பத்தாண்டுக்குள் நடந்ததா, பிறப்பு இறப்புப் பதிவு எந்நிலையில் உள்ளது, விவரம் பொதுமக்களுக்கு எட்டுகிறதா என்பன போன்றவை நோக்கப்படுகின்றன. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசிக் குடிமதிப்பு 1984-இல், லெபனானில் 1932-இல்! நம் நாட்டிலும் 2021-இல் நடைபெறவேண்டியது தள்ளிப்போயிற்று.

நைஜீரியாவின் கதை வேறு. அந்நாடு 1990-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டே நாட்டின் உற்பத்தியைக் கணக்கிட்டு வந்தது. 2014-இல் அடிப்படை ஆண்டு 2010 என மாற்றப்பட்டு, தொலைபேசி, திரைப்படம் முதலிய தொழில்கள் உள்ளவாறே கணக்கில் ஏறின. 2013-ஆம் ஆண்டின் உற்பத்தி மதிப்பு, ஏட்டளவில், சுமார் 89 சதவீதம் உயர்ந்தது. வயலில் ஒரு மூட்டைகூட அதிகமாக விளையவில்லை.

உலக வங்கியின் மதிப்பெண்ணிலும் ஒரு குறையை நாம் காண்கிறோம். கணக்கெடுப்பு நடந்ததா என்றே அது பெரிதும் பார்க்கிறது. எழுதிய எண் மெய்யா என்று நேரில் சோதிப்பதில்லை. வீடு வீடாகச் செல்லாமல் திண்ணையில் அமர்ந்து நிரப்பிய படிவமும் அதில் தப்பிவிடக்கூடும். அதைப் பிடிக்கவல்லவர், அவ்வீட்டாரை அறிந்த பஞ்சாயத்து உறுப்பினரே. ஆதலின், அடுத்த கணக்கு வாசிக்கப்படும்போது தங்கள் தெருவின் வீடுகளைத் தாங்களே எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.