மதிப்புக் கூட்டு வரியும் ஒரு நாற்காலியும்

சென்ற கோடை விடுமுறையில் மரச்சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். வணிகவியல் மாணவன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. அம்மாதம் 20 நாற்காலிகள் விற்றிருந்தன. ஒரு நாற்காலியின் விலை, 18 விழுக்காடு வரி உட்பட, 2,360 ரூபாய். நான் 2,360-ஐ 18-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்து, வரி 424 ரூபாய் 80 காசு என்று எழுதினேன். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வரிக்கும் சேர்த்து வரி போட்டுவிட்டாயே!" என்றார். அன்று நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

மதிப்புக் கூட்டு வரி என்பது யாது?

ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு மட்டும் விதிக்கப்படும் வரியே மதிப்புக் கூட்டு வரி. நாற்காலியையே எடுத்துக்கொள்வோம்.

மர வணிகர் தச்சருக்கு 1,000 ரூபாய்க்கு மரம் விற்கிறார். வரி 180 ரூபாய். அதை அவர் அரசுக்குச் செலுத்துகிறார்.

தச்சர் நாற்காலி செய்து கடைக்கு 1,600 ரூபாய்க்கு விற்கிறார். வரி 288 ரூபாய். மரம் வாங்கியபோது கொடுத்த 180-ஐக் கழித்து, 108 ரூபாய் செலுத்துகிறார்.

கடைக்காரர் அதை 2,000 ரூபாய்க்கு விற்கிறார். வரி 360 ரூபாய். தாம் கொடுத்த 288-ஐக் கழித்து, 72 ரூபாய் செலுத்துகிறார்.

180, 108, 72 ஆகியவற்றைக் கூட்டினால் 360. இது 2,000 ரூபாய்க்கு 18 விழுக்காடு. மூவர் செலுத்தினாலும் சுமை முழுவதும் கடைசியில் வாங்குபவரையே சேர்கிறது என்பது இதனால் விளங்கும்.

கழிவு இல்லையேல்?

கழிவு இல்லாவிட்டால், தச்சர் தாம் கொடுத்த 180 ரூபாயையும் விலையில் சேர்ப்பார். விலை 1,780 ஆகும். வரி 320 ரூபாய் 40 காசு. இதில் 32 ரூபாய் 40 காசு, வரியின்மேல் விழுந்த வரி! 1939-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது விற்பனை வரி இவ்வாறு பல முனைகளில் விதிக்கப்பட்டதே. இக்குறையை நீக்கும் முறையை, மாரிஸ் லோரே என்னும் அதிகாரியின் முயற்சியால், பிரான்சு 1954-இல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2007 சனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. 2017 சூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. பெட்ரோல், டீசல் போன்ற சிலவற்றுக்கு மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியே தொடர்கிறது.

என் பிழை

இனி என் பிழைக்கு வருவோம். வரி சேராத விலை 100 என்றால், வரி சேர்ந்த விலை 118. ஆகவே 2,360-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும், விடை 360. நான் எழுதியபடி செலுத்தியிருந்தால், கடைக்காரர் நாற்காலிக்கு 72 ரூபாய்க்குப் பதிலாக 136 ரூபாய் 80 காசு கட்டியிருப்பார். 20 நாற்காலிகளுக்கு 1,296 ரூபாய் வீண். ஒரு நாற்காலியில் அவருக்கு நிற்பது 400 ரூபாய்தான். கடை வாடகையும் ஆள் கூலியும் அதிலிருந்தே போகவேண்டும். மூன்று நாற்காலிகளின் உழைப்பு என் பேனா முனையில் கரைந்திருக்கும்.

முடிவுரை

மாணவ நண்பர்கள் இரண்டை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மற்றொன்று, பில் இல்லாமல் சரக்கு வாங்கும் வணிகருக்குக் கழிவு கிடையாது. பில் இன்றி மரம் வாங்கும் தச்சர் 108 ரூபாய்க்குப் பதிலாக 288 ரூபாயும் தாமே கட்ட நேரும். உங்கள் வீட்டில் யாரேனும் தொழில் செய்தால், இன்றே அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.