கணிப்பொறிப் பாதுகாப்பு: விலையில்லாக் கருவிகளும் முதல் ஒரு மணி நேரமும்

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, 'வான்னக்ரை' என்னும் தீங்கு நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. வார விடுமுறை முடிந்து மே 15 திங்கட்கிழமை கேரளத்தில் அலுவலகங்கள் திறக்கப்பட்டபோது, வயநாடு மாவட்டத்தின் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஆகிய இரு ஊராட்சி அலுவலகங்களின் கணிப்பொறித் திரைகளிலும் அதே மிரட்டல் தோன்றியது. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறவுகோல் வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள 'பிட்காயின்' செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

ஊராட்சி அலுவலகம் என்பது பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டுவரி, முதியோர் ஓய்வூதியம் முதலிய அன்றாடத் தேவைகளுக்காக மக்கள் நாடிவரும் இடம். அங்குள்ள கணிப்பொறி முடங்கினால் முதலில் அவதியுறுவோர், அதன் பெயரைக்கூட அறியாத எளிய மக்களே. ஆனால் இந்நிகழ்ச்சியில் சிந்திக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. வான்னக்ரை நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, தன் பராமரிப்பிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்குக் கட்டணமின்றி வெளியிட்டிருந்தது. உலகெங்கும் பாதிக்கப்பட்ட கணிப்பொறிகளில் மிகப் பெரும்பாலானவை அத்திருத்தம் பொருத்தப்படாதவையே. இல்லாமற்போனது பணமன்று, கவனிப்பே.

இலவசம் என்பதன் இரு பொருள்

விலையில்லாக் கருவிகளைப் பற்றி ஆராய்வதற்கு முன் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் ஒருவகை. அதன் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் 'கட்டற்ற மென்பொருள்' மற்றொரு வகை. இக்கொள்கையைப் பரப்பும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

மூலநிரல் வெளிப்படையாக இருப்பதனால் அதிலுள்ள குறைகளை எவரும் கண்டறிய இயலும். எனினும், 'எவரும் காணலாம்' என்பது 'யாரோ ஒருவர் கண்டுவிட்டார்' என்பதாகாது. இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் கட்டற்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட குறை இரண்டு ஆண்டுகள் மறைந்திருந்து, 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. மாறாக, 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்னும் மென்பொருளில் எவரோ திட்டமிட்டு வைத்திருந்த கள்ளவழியை, கணிப்பொறி சற்றே தாமதமாக இயங்குவதைக் கவனித்த ஒரு பொறியாளர் கண்டுபிடித்தார். உரிமை வாய்ப்பைத் தருகிறது; காவலைத் தருவது விழிப்பே.

திருவனந்தபுரத்தின் அனுபவம்

இவ்வுண்மையை நடைமுறையில் காட்டியது கேரளப் பள்ளிக் கல்வித் துறை. 2001-இல் தொடங்கப்பட்டு, திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிக் கணிப்பொறிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017-இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. பள்ளிகளுக்கென லினக்ஸ் இயங்குதளத்தின் தனிப் பதிப்பை இந்நிறுவனம் தொகுத்து வழங்கி வருகிறது.

இத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணம் குறுந்தகடுகளை வழங்கியதன்று. மாவட்டந்தோறும் ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். அவர்கள் பிற ஆசிரியர்களுக்குக் கற்பித்தனர். பள்ளியில் கணிப்பொறி பழுதுற்றால் யாரை அணுகுவது என்பதற்கு விடை இருந்தது. செலவு குறைந்தது என்பதைக் காட்டிலும், பொறுப்பேற்க ஆள் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தலைநகரில் இதற்குத் துணைநிற்கும் நிறுவனங்கள் வேறு பலவும் உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கான பன்னாட்டு மையத்தை மாநில அரசு இங்கு நடத்துகிறது. சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம், கணிப்பொறிக் குற்றங்களின் தடயங்களை ஆராயும் மென்பொருள்களை உருவாக்கியுள்ளது. கேரளக் காவல்துறையின் 'சைபர்டோம்' 2016 முதல் டெக்னோபார்க் வளாகத்தில் இயங்குகிறது. அரசு அலுவலகங்களின் கணிப்பொறிப் பாதுகாப்பைக் கவனிக்க 'செர்ட்-கே' என்னும் மாநில அமைப்பும் உள்ளது.

கையிலுள்ள கருவிகள்

சிறிய அலுவலகமோ கல்லூரியோ பொருட்செலவின்றிப் பயன்படுத்தத்தக்க கருவிகள் சிலவற்றை இங்குக் காணலாம். 2002 முதல் வழங்கிவரும் 'கிளாம்ஏவி', மின்னஞ்சலோடு வரும் கோப்புகளைச் சோதிக்கப் பெரிதும் பயன்படுகிறது. 'கீபாஸ்' கடவுச்சொற்களை ஒரே பூட்டிய பெட்டகத்தில் காக்கிறது. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடங்களிலும் பயன்படுத்தும் தீய வழக்கம் இதனால் ஒழியும். 'வெராகிரிப்ட்' சேமிப்பு வட்டை மறையாக்கம் செய்கிறது. மடிக்கணிப்பொறி களவுபோனாலும் அதிலுள்ள ஆவணங்களைப் பிறர் படிக்க இயலாது. வலையமைப்பில் எந்தெந்தக் கதவுகள் திறந்துள்ளன என்று காட்டுவது 'என்மேப்'. இதனைத் தமக்கு உரிமையுள்ள வலையமைப்பில், உரிய அனுமதியுடன் மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும்.

மத்திய அரசும் இத்துறையில் உதவி வருகிறது. 2004-இல் அமைக்கப்பட்ட 'செர்ட்-இன்' என்னும் கணிப்பொறி அவசரநிலைக் குழு, 2017 பிப்ரவரி 21 முதல் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரம்' என்ற மையத்தை நடத்துகிறது. தொற்றுக்குள்ளான கணிப்பொறிகளைத் தூய்மை செய்யும் கருவிகளைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்குவது இதன் பணி. யுஎஸ்பி சேமிப்புக் கருவிகள் வழியாகத் தொற்று நுழைவதைத் தடுக்க சி-டாக் உருவாக்கிய 'யுஎஸ்பி பிரதிரோத்' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

முதல் ஒரு மணி நேரம்

தாக்குதல் நேர்ந்த பின்னும் விலையில்லா உதவி உண்டு. ஆனால் அது பயன்படுவது, தொடக்கத்தில் அலுவலகச் சிப்பந்தி என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. வான்னக்ரையின் பூட்டைத் திறக்க 'வானகிவி' என்னும் இலவசக் கருவி ஒரே வாரத்தில் வெளிவந்தது. கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் எஞ்சியிருக்கக்கூடிய எண்களைக் கொண்டு அது திறவுகோலை மீட்டது. கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் அவ்வெண்கள் அழிந்துபோயிருக்கும். 'நிறுத்திப் போட்டுப் பார்ப்போம்' என்னும் பழக்கமே பலருக்கு இவ்வாய்ப்பைப் பறித்திருக்கும்.

ஆகவே, முதற்பணி வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, கம்பியில்லா இணைப்பையும் துண்டித்தல். கணிப்பொறியை நிறுத்தலாகாது, இணைப்பைத் துண்டிக்க வழியே இல்லாதபோதுதான் நிறுத்துதல் பொருந்தும். அடுத்து, திரையிலுள்ள செய்தியைப் படமெடுத்து, நேரத்தைக் குறித்துவைத்தல் வேண்டும். எந்தக் கோப்பையும் அழித்தல் கூடாது. மூன்றாவது, உரிய அமைப்புக்குத் தெரிவித்தல். 2022 ஏப்ரல் 28-ஆம் நாளைய ஆணைப்படி, இத்தகைய நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். வங்கிப் பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930 என்னும் தொலைபேசி எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த இதுவே வழி.

பணயத்தொகை செலுத்துவதால் கோப்புகள் மீளும் என்பதற்கு உறுதியில்லை. அதற்கு முன், 2016-இல் நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் தனியார் நிறுவனங்களும் இணைந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டத்தை நாடுதல் நலம். பூட்டப்பட்ட கோப்பின் மாதிரியைக் கொடுத்தால், அவ்வகைப் பூட்டுக்குத் திறவுகோல் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளதா என்பதை அது கட்டணமின்றித் தெரிவிக்கும்.

உதவி என்ற பெயரில் வரும் மோசடியும் உண்டு. 'உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையில் திடீரெனத் தோன்றும் அறிவிப்புகள் பெரும்பாலும் பொறிகளே. அறியாத ஒருவர் தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்க இடமளிப்பது, வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இலவசக் கருவிகளையும் அவற்றை உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.

மாற்றுப்படியின் இன்றியமையாமை

திறவுகோல் கிட்டாதபோது எஞ்சும் ஒரே புகல் மாற்றுப்படி. ஆவணங்களுக்கு மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்புகளில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஒரு படியேனும் கணிப்பொறியுடன் இணைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். ஏனெனில், இணைந்திருக்கும் வட்டையும் தீங்கு நிரல் சேர்த்தே பூட்டிவிடும். மாற்றுப்படியிலிருந்து கோப்புகள் உண்மையில் மீள்கின்றனவா என்பதை மாதம் ஒருமுறை சோதித்தறிதலும் அவசியம்.

மேற்கூறிய எதற்கும் நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேண்டுவது, ஒவ்வோர் அலுவலகத்திலும் பெயர் குறித்து நியமிக்கப்பட்ட ஒரு பொறுப்பாளர். திருத்தங்களைப் பொருத்தவும் மாற்றுப்படியைச் சோதிக்கவும் அவருக்கு அலுவல் நேரத்திலேயே ஒதுக்கப்பட்ட சில மணி நேரம். ஆபத்தில் அழைக்கவேண்டிய எண்கள் எழுதிய ஒரு தாள். கணிப்பொறி முடங்கிய வேளையில் அதனுள் சேமித்த எண்கள் உதவா. ஆதலால் அத்தாள் சுவரில் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு கேரளம் செய்து காட்டியதை, ஊராட்சி அலுவலகங்களும் செய்ய இயலும். கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பேணும் கடமையை ஒருவரிடம் ஒப்படைப்பதே நிர்வாகத்தின் பணி.