மேகத்துக்குள் பறந்த நேரம்: கணக்கு எழுதுவது எப்படி?



எங்க அப்பா கொத்தனார். மேஸ்திரி நோட்டில் எத்தனை நாள் ஏறியிருக்கு என்று படித்துச் சொல்வது என் வேலை. வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தானே! விமானிகளுக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அதுதான் லாக் புக். அமெரிக்காவில் அதை எழுதும் விதிகளைப் பார்ப்போம்.

மேகத்துக்குள் போனால் தொடுவானம் தெரியாது. விமானம் மெல்லச் சாய்ந்தாலும் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு 'நேராகத்தான் போகிறோம்' என்று ஏமாற்றிவிடும். கருவிகளை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டிய நிமிடங்களை மட்டுமே 'கருவி நேரம்' என்று எழுதலாம். கருவிப் பறப்புத் திட்டம் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் தெளிந்த வானில் பறந்தால் அதில் ஒரு நிமிடமும் சேராது.

அப்படியானால் மேகமே இல்லாத அமாவாசை இரவில், கடல் மேல்? தொடுவானம் தெரியாமல், கருவி பார்த்தே ஓட்ட வேண்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும் என்று 1984-லேயே விமானத் துறை விளக்கம் தந்துவிட்டது. இது வெறும் ஏட்டு நுணுக்கம் இல்லை. 1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கருகே கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். கருவிப் பறப்புத் தகுதி அவருக்குக் கிடையாது. இருட்டிலும் புகைமூட்டத்திலும் நிலை தடுமாறினார் என்றது விசாரணை.

பயிற்சிக்கு மேகம் கிடைக்காவிட்டால், வெளியே தெரியாதபடி தலையில் 'ஹூட்' மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் தகுதியுள்ள சேஃப்டி பைலட் ஒருவர் வெளியே பார்க்க வேண்டும். அவர் பெயரையும் எழுத வேண்டும். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? நாம் ரீடிங் எடுக்காமலே ரெகார்டு எழுதுகிறோமே (நானும்தான்), அதே கதை. நமக்கு மார்க் போகும், அவர்களுக்கு உயிர்.

இன்ஸ்ட்ரக்டர் விஷயம் வேடிக்கையானது. உண்மையான மேகத்தில் கற்றுக்கொடுத்தால் மாணவர், ஆசிரியர் இருவருமே அந்த நேரத்தை எழுதிக்கொள்ளலாம். மாணவர் ஹூட் மாட்டியிருந்தால் மாணவருக்கு மட்டும்தான். ஆசிரியர்தான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

தகுதி வாங்க 40 மணி கருவி நேரம் வேண்டும். அதில் 15 மணி ஆசிரியரோடு. வாங்கிவிட்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. முந்தைய 6 காலண்டர் மாதங்களுக்குள் 6 முறை கருவி பார்த்து இறங்கு பாதையில் வந்திருக்க வேண்டும். வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும் பயிற்சியும், வழிகாட்டி அலைகளைப் பிடித்துப் போகும் பயிற்சியும் செய்திருக்க வேண்டும். ஜனவரி 3-இல் செய்ததும் 30-இல் செய்ததும் ஜூலை 31 வரை செல்லும். தவறினால் இன்னும் 6 மாதம் அவகாசம், சேஃப்டி பைலட்டோடு பயிற்சி செய்து சரிக்கட்டலாம். அதுவும் போனால் பரிசோதகர் அல்லது தகுதியுள்ள ஆசிரியர் முன் மறுபடி ஓட்டிக் காட்டியாக வேண்டும்.