எஞ்சின் தாங்கும் எல்லை

கேள்வி: 83 குதிரைத்திறன் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் கார் எஞ்சினைப் பிரிக்காமலேயே டர்போ பொருத்தினால், எவ்வளவு திறன் வரை அஞ்சாமல் ஏற்றலாம்? – வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: ஏறத்தாழ 110 குதிரைத்திறன் வரை ஏற்றலாம். புகைக்காற்றின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போவின் கூடுதல் அழுத்தம் 0.4 பாரைத் தாண்டாமலும், சூடேறிய அக்காற்றைத் தணிக்கும் இன்டர்கூலரும் பெட்ரோல் அளவின் திருத்தமும் உடன் அமைந்தும் இருந்தால், திறன் மூன்றில் ஒரு பங்கு உயர்வதை இயல்பான பிஸ்டன்கள் தாங்கும்.

அதற்கு மேல் சென்றால், தீப்பொறியின் சுடர் எட்டும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ தோன்றி, அளவு மீறி இழுத்த பாவு இழை அறுவதுபோல, பிஸ்டனின் விளிம்பு உடையும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிக்கும் ஐ20 காரில், 2020-இல் வந்த 1 லிட்டர் டர்போ எஞ்சின் 120 குதிரைத்திறன் தந்தது உண்மையே. ஆனால், அது டர்போவுக்கென்றே வடிவமைக்கப்பட்டு, பெட்ரோலை உருளைக்குள் நேரடியாகப் பீய்ச்சும் தனி எஞ்சினாகும்.

டர்போ பொருத்திய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்கும்போது, அதன் வெண்பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ வெள்ளித் துகள்களோ தென்பட்டால், அழுத்தத்தை உடனே குறைப்பதே எஞ்சினைக் காக்கும் வழி.